பழைய ஆஸிலாஸ்கோப் வாங்கலாமா, வாங்கினால் எப்படிக் காப்பாற்றுவது?

கோவையில் ஒரு காயலான் கடையில் டெக்ட்ரானிக்ஸ் 465 ஆஸிலாஸ்கோப் (மின்னலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) ஒன்று கிடப்பதாகவும், கடைக்காரர் எட்டாயிரம் ரூபாய் கேட்பதாகவும், அது வேலை செய்கிறதா என்பது அவருக்கே தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கலாமா, வாங்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும், புதிய டிஜிட்டல் ஸ்கோப் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் பழைய அளவீட்டுக் கருவிகளைச் சேர்ப்பதில் பொருள் இருக்கிறதா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால்தான் மற்ற இரண்டுக்கும் வழி கிடைக்கும்.

உங்கள் மேசையில் வேறு ஸ்கோப்பே இல்லை, அன்றாட வேலைக்கு ஒன்று வேண்டும் என்றால் 465ஐ வாங்காதீர்கள். இன்றைய நுழைவுநிலை டிஜிட்டல் ஸ்கோப் ஒன்றை வாங்குங்கள். ஒரே முறை தோன்றி மறையும் துடிப்பைப் பிடித்து வைக்கும், அலைவெண்ணையும் மின்னழுத்தத்தையும் எண்ணாகவே காட்டும், உத்தரவாதமும் உண்டு. பழைய கருவி உங்களுடைய இரண்டாவது கருவியாக இருக்க வேண்டும். ஏனெனில் பழைய ஸ்கோப்பைச் சரிசெய்ய நல்ல நிலையில் உள்ள இன்னொரு ஸ்கோப் தேவைப்படும்.

இதைச் சொல்லிவிட்டு, இரண்டாவது கருவியாக 465ஐ மனதாரப் பரிந்துரைக்கிறேன். 1972இல் வந்த கருவி அது. 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், தாமதப்படுத்தப்பட்ட இரண்டாவது ஸ்வீப் (ஒளிப்புள்ளி திரையின் குறுக்கே ஓடும் ஓட்டம்), ஏறத்தாழ பத்து கிலோ எடை. இதெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கும். அதில் இல்லாத சிறப்பு வேறு. அந்தக் கருவியைத் திறந்தால் உள்ளே நடப்பது அத்தனையும் உங்களால் புரிந்துகொள்ளக்கூடியது. உள்ளீட்டில் நுழையும் சிக்னல் அதைக் குறைக்கும் எந்த அட்டெனுவேட்டர் வழியே போகிறது, எங்கே இரண்டாகப் பிரிந்து ஸ்வீப்பைத் தொடங்கிவைக்கும் டிரிக்கர் சுற்றுக்குச் செல்கிறது, சிக்னலைச் சற்றுத் தாமதிக்கவைக்கும் டிலே லைன் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, திரைத் தகடுகளை எந்த டிரான்சிஸ்டர்கள் இயக்குகின்றன என்று விரலால் தொட்டுக் காட்டலாம் (மின்சாரத்தை நிறுத்திய பிறகு). இன்றைய ஸ்கோப்பில் இவை அத்தனையும் சில சிப்புகளுக்குள் புதைந்துவிட்டன. அவை பழுதானால் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

1946இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஹோவர்ட் வால்லமும் ஜாக் மர்டாக்கும் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் டெக்ட்ரானிக்ஸ். அடுத்த ஆண்டு வெளிவந்த 511 என்ற ஸ்கோப் அந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அதற்கு முன்பிருந்த பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஸ்வீப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அலையைத் திரையில் நிறுத்த அலைவெண்ணைத் திருகித் திருகிப் பொருத்த வேண்டும். 511இல் சிக்னல் வந்து தட்டினால்தான் ஸ்வீப் புறப்படும். அதோடு, திரையிலுள்ள கட்டங்களை வைத்து நேரத்தையும் மின்னழுத்தத்தையும் நம்பிக்கையோடு படிக்க முடிந்தது. அதுவரை அலையின் வடிவத்தைப் பார்ப்பதற்கு உதவிய பெட்டி, அதன்பின் அளக்கும் கருவியாக ஆனது. பழைய கருவிகளைச் சேர்க்கும் நாம் காக்க வேண்டியதும் அந்த அளக்கும் திறனைத்தான். அலமாரியில் பளபளவென்று நின்று, திரையில் பொய் சொல்லும் ஸ்கோப்பை நான் சேகரிப்பு என்று கருதுவதில்லை.

இனி உங்கள் 465க்கு வருகிறேன். கடையில் பார்க்கும்போது எது மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்ற ஒரே கண்ணோட்டத்தோடு பாருங்கள். உடைந்த குமிழ், கிழிந்த வயர், பழுதான கெப்பாசிட்டர், எரிந்த டிரான்சிஸ்டர் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. படக்குழாய்க்கு வழி இல்லை. டெக்ட்ரானிக்ஸ் தன் படக்குழாய்களைத் தானே செய்தது. இன்று அவற்றை யாரும் செய்வதில்லை. திரையின் நடுவில் பழுப்பான கோடோ புள்ளியோ தெரிந்தால் திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பர் எரிந்திருக்கிறது என்று பொருள். உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மரும், 155 என்று தொடங்கும் எண் பொறித்த சொந்தத் தயாரிப்பு ஐசிகளும் அப்படித்தான். இன்னொரு பழுதான 465இலிருந்து எடுத்தால் உண்டு. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ஒரே மாடலில் இரண்டு வாங்கி, ஒன்றை உதிரிபாகத்துக்கென்று வைத்திருப்பார்கள்.

மூடியின் திருகுகளைப் பாருங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். யாரும் தொடாத பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. பலர் கைபட்டு, அட்ஜஸ்ட்மென்ட்கள் எல்லாம் திருகப்பட்ட கருவியைச் சரிசெய்வது மிகவும் கடினம். கடைக்காரர் "போட்டுக் காட்டுகிறேன்" என்று பிளக்கை எடுத்தால் தடுத்துவிடுங்கள். பல்லாண்டு உறங்கிய கருவிக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுப்பது கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த கருவியாக இருந்தால் மின்னழுத்தத் தேர்வு 115இல் நின்றுகொண்டிருக்கலாம். அந்த நிலையில் நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை படிப்பது. 465இன் சர்வீஸ் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. 465 வேறு, 465பி வேறு; உள் அமைப்பு பல இடங்களில் மாறுபடும். ஒரே மாடலுக்குள்ளும் சீரியல் எண்ணைப் பொறுத்துச் சுற்றுகள் மாறியிருக்கும். எனவே உங்கள் சீரியல் எண்ணுக்குப் பொருந்தும் பதிப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கையேடுகள் நான் படித்த மின்னணுவியல் பாடநூல்களை விடச் சிறந்தவை. ஒவ்வொரு சுற்றும் ஏன் அப்படி அமைந்தது என்ற விளக்கம், ஒவ்வொரு சோதனை முனையிலும் இருக்க வேண்டிய மின்னழுத்தம், அங்கே தெரிய வேண்டிய அலைவடிவத்தின் படம் எல்லாம் இருக்கும். அந்தக் காலத்து டெக்ட்ரானிக்ஸ் கையேடுகள் சிலவற்றில் சுற்றுப்படத்தின் மூலையில் ஒரு சிறு கேலிச்சித்திரம்கூட வரையப்பட்டிருக்கும். படம் வரைந்தவர்களுக்குத் தங்கள் வேலையில் எவ்வளவு ஈடுபாடு இருந்திருக்கிறது என்பதை அதில் பார்க்கிறேன்.

படித்தபின் மூடியைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசியை நீக்குங்கள். நம் ஊரில் எறும்புக்கூடு, பல்லி முட்டை, கரப்பான் எச்சம் எல்லாம் உள்ளே இருக்கக்கூடும். உயர் மின்னழுத்தப் பகுதியில் அவை இருந்தால் அங்கேயே மின்பொறி பாயும். டெக்ட்ரானிக்ஸின் சொந்தச் சர்வீஸ் மையங்களில் கருவியைச் சோப்பு நீரால் கழுவி, குறைந்த சூட்டிலுள்ள அடுப்பறையில் உலர்த்துவது வழக்கமாக இருந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டுக் குழாயடியில் வைத்துவிடாதீர்கள். அவர்களிடம் உலர்த்தும் வசதி இருந்தது. டிரான்ஸ்பார்மருக்குள் தங்கிய ஈரம் வெளியேற நமக்கு நாள் கணக்கில் ஆகும். அழுக்கு மிகுந்த பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதே போதும்.

பிறகு மின்னழுத்தத் தேர்வை 230க்கு மாற்றி, பியூஸ் அதற்குரிய மதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பியூஸ் இருக்கும் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். இது நம் நாட்டில் அரிதல்ல. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு சப்ளை முனைக்கும் சேஸிஸுக்கும் (கருவியின் உலோகச் சட்டம்) இடையே அளந்துவிடுங்கள். 465இல் +55, +15, +5, −8 வோல்ட் சப்ளைகள் முக்கியமானவை. எங்காவது ஒன்றிரண்டு ஓம் மட்டுமே காட்டினால் அந்தத் தடத்தில் ஷார்ட் இருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி ஒரு டான்டலம் கெப்பாசிட்டராகத்தான் இருக்கும். பொட்டுப் பொட்டாக, பளிச்சென்ற நிறத்தில், சப்ளைத் தடங்களில் ஆங்காங்கே அமர்ந்திருக்கும் இவை வயதானால் ஷார்ட் ஆவதே வழக்கம். ஒரே தடத்தில் பல இருக்கும்போது எது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. மின்னோட்டக் கட்டுப்பாடுள்ள பவர் சப்ளையிலிருந்து அந்தத் தடத்துக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக, அரை ஆம்பியர் அளவுக்கு மட்டும் செலுத்தி, தடத்தின் வழியே மில்லிவோல்ட் அளந்துகொண்டே போங்கள். மின்னழுத்தம் மிகக் குறைவாகத் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஷார்ட் இருக்கும்.

ஷார்ட் இல்லையென்றால் சீரீஸ் பல்பு. கருவிக்குத் தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்பை இணைத்து ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்து, ஓரிரு நொடியில் மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டுப் பழுதைத் தேடுங்கள். அந்த நேரத்தில் பல்புதான் உங்கள் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வேரியாக் (மின்னழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) இருந்தால் அதனால் மெதுவாக ஏற்றலாம். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆக்சைடு படலம் மீண்டும் படிய நேரம் கிடைக்கும். ஆனால் இந்த இரண்டு வழிகளும் 465 போல சாதாரண டிரான்ஸ்பார்மர் உள்ள கருவிகளுக்கே. 1980களில் வந்த 2465 போன்றவற்றில் இருப்பது ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை. உள்ளீடு குறைந்தால் அது கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் அல்லது தொடங்காமல் திணறும். அதை வேரியாக்கில் மெதுவாக ஏற்றுவது உதவியாகாது, தீங்காகவும் முடியலாம்.

பல்பை நீக்கி முழு மின்னழுத்தம் கொடுத்தபின் முதலில் அளக்க வேண்டியது +55 வோல்ட்டை. மற்ற சப்ளைகள் அதை ஆதாரமாகக் கொண்டவை. அது தவறினால் எல்லாம் தவறும். அதன்பின் சிற்றலை, அதாவது சப்ளையின் மேல் ஏறியிருக்கும் 100 ஹெர்ட்ஸ் அலை. இவை இரண்டும் சரியாகும் வரை திரையில் என்ன தெரிகிறது, எது தெரியவில்லை என்று கவலைப்படாதீர்கள். புதிதாக வருபவர்கள் "டிரேஸ் (திரையில் ஓடும் ஒளிக்கோடு) வரவில்லை" என்று படக்குழாயைச் சந்தேகிப்பார்கள். நூறில் பெரும்பகுதி காரணம் சப்ளையில்தான் இருக்கும்.

சப்ளை சரியான பிறகும் ஒரு சேனல் விட்டுவிட்டு வேலை செய்தால், டிரான்சிஸ்டர்களைப் பாருங்கள். 465இல் பல டிரான்சிஸ்டர்கள் சாக்கெட்டில் செருகப்பட்டவை. மின்சாரத்தை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழற்றி அதே திசையில் மீண்டும் செருகினாலே பல பழுதுகள் போய்விடும். கால்களில் படிந்த ஆக்சைடு உரசி நீங்குவதுதான் காரணம். அட்டெனுவேட்டர் சுவிட்சுகளோ மிகவும் நுட்பமானவை. மெல்லிய பொன்முலாம் பூசிய விரல்கள் போர்டின் மீது இறங்கி ஏறும் கேம் சுவிட்ச் அவை. அவற்றின் மேல் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பீச்சுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அந்தத் திரவம் போர்டில் படிந்து கசிவை உண்டாக்கும். விரல் வளைந்தால் திரும்ப நிமிர்த்துவது பெரும்பாடு. ஒரு துண்டு வழவழப்பான தாளை ஆல்கஹாலில் நனைத்து, விரலுக்கும் போர்டுக்கும் நடுவே வைத்து, சுவிட்சை மூடி, தாளை மெல்ல இழுத்தெடுங்கள். அவ்வளவே.

உயிர் சம்பந்தப்பட்டவற்றை இப்போது சொல்லிவிடுகிறேன். 465இன் படக்குழாய் கேத்தோடில் ஏறத்தாழ 2,400 வோல்ட் எதிர்மின்னழுத்தம் இருக்கும். திரைப்பக்க முனையில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அளந்து பழகுங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது திறந்த கருவிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

பிளக்கின் எர்த் பின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிவி பழுதுபார்க்கும் கடைகளில் ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் உண்டு. மின்சாரத்தோடு நேரடியாக இணைந்த சேஸிஸில் புரோபின் (சிக்னலை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் முனையுள்ள கம்பி) கிளிப்பை மாட்டும்போது பியூஸ் போகாமல் இருப்பதற்காகச் செய்வது. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோக உடல் முழுவதும் அந்த மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். குமிழைத் திருப்பும் கைக்கு அது தெரியாது. பழைய கருவி வாங்கியதும் எர்த் பின் இருக்கிறதா, அதற்கும் உலோக உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தனிமைப்படுத்த வேண்டியது சோதிக்கப்படும் சாதனத்தை. அதற்கு ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. இல்லையென்றால் இரண்டு புரோபுகளை வைத்து, ஒரு சேனலைத் தலைகீழாக்கி, கூட்டல் நிலையில் வித்தியாசத்தைப் படியுங்கள். 465இல் அந்த வசதி இருக்கிறது.

நச்சுப் பொருள்களும் உண்டு. சில உயர் அதிர்வெண் டிரான்சிஸ்டர்களிலும் வெப்பம் கடத்தும் வெள்ளைப் பீங்கான் துண்டுகளிலும் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். முழுதாக இருக்கும்வரை கவலை இல்லை. அராவவோ உடைக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. பழைய ராணுவ மீட்டர்களின் ஒளிரும் முகப்பில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைத் திறக்காதீர்கள். வோல்ட்டுக்கு ஒப்பீட்டு அளவாகப் பயன்பட்ட வெஸ்டன் நியம மின்கலத்தில் பாதரசமும் காட்மியமும் இருக்கின்றன.

எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதில் இந்தத் துறையில் இரண்டு கட்சிகள். வாங்கியவுடன் எல்லா எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. நான் அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றும் கட்சி. அக்காலத்து நல்ல கெப்பாசிட்டர்கள் பல இன்றும் தம் மதிப்பில் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கும்போது போர்டின் செம்புத் தடம் கிழிவதுதான் மிச்சம். போதாக்குறைக்கு, ஒரே நேரத்தில் நாற்பது பாகங்களை மாற்றிவிட்டுப் புதிய பழுது ஒன்று வந்தால் எங்கே என்று தேடுவீர்கள்? ஒன்றை மாற்றுங்கள், ஆன் செய்து பாருங்கள், நோட்டில் எழுதுங்கள்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள். ரிஃபா என்று பெயர் பொறித்த, மஞ்சளாகக் கண்ணாடிபோல் தெரியும் மெயின்ஸ் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் முதலாவது. உலோகப்பூச்சுத் தாளால் ஆன இவற்றின் மேலுறையில் காலத்தால் விரிசல் விழும்; அதன் வழியே காற்றின் ஈரம் உள்ளே போகும்; ஒருநாள் ஆன் செய்யும்போது வெடித்து அறை முழுவதும் நாற்றப் புகை கிளம்பும். அளந்தால் நன்றாகவே காட்டும், ஆனாலும் எடுத்துவிடுங்கள். அதே தரச்சான்றுள்ள புதிய பிளாஸ்டிக் படல வகையைப் போடுங்கள். டெக்ட்ரானிக்ஸ் 2465பியின் கட்டுப்பாட்டுப் போர்டில் உள்ள சிறு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இரண்டாவது. அவை கசிந்து, அந்தத் திரவம் போர்டையே தின்றுவிடும்.

2465பியைச் சொன்னதால் இன்னொன்றும். 1980களிலிருந்து பல கருவிகள் தங்கள் அளவுத்திருத்த எண்களை மின்கலத்தால் உயிர்வாழும் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. 2465பி பலவற்றில் மின்கலமும் நினைவகமும் ஒரே உறைக்குள் இருக்கும். எச்பி (ஹியூலெட்-பேக்கார்டு) 3478ஏ மல்ட்டிமீட்டரில் தனி லித்தியம் மின்கலம். மின்கலம் தீர்ந்தால் அந்த எண்கள் அழிந்துபோகும். பிறகு அந்த மீட்டர் எதையும் நம்பகமாக அளக்காது. இப்படிப்பட்ட கருவி கைக்கு வந்தால், முதல் வாரமே அந்த எண்களைக் கணினிக்குப் படித்து எடுத்துவைத்துவிடுங்கள். மின்கலத்தை மாற்றும்போது வெளியிலிருந்து 3 வோல்ட்டை இணையாகக் கொடுத்துக்கொண்டே மாற்ற வேண்டும். இந்த ஒரு காரணத்தால்தான், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1970களின் கருவியை நான் பரிந்துரைக்கிறேன். அதன் திருத்தம் சிறு குமிழ்களில் இருக்கிறது, மின்கலத்தில் இல்லை.

இன்னும் பின்னோக்கிப் போனால் வால்வு யுகம். அங்கே அழகு அதிகம், எடையும் அதிகம். டெக்ட்ரானிக்ஸ் 545 போன்ற ஸ்கோப்பைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவற்றுள் பாகங்கள் வெள்ளைப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் வரிசையாக சால்டர் செய்யப்பட்டிருக்கும். அந்தப் பள்ளங்களின் உலோகப் பூச்சு வெள்ளி. சாதாரண சால்டர் ஈயம் பயன்படுத்தினால் வெள்ளி கரைந்து ஈயத்துக்குள் போய்விடும். ஓரிரு முறையில் பூச்சே பெயர்ந்துவிடும். எனவே சுமார் 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம்தான் பயன்படுத்த வேண்டும். நிறுவனமே ஒரு சிறு சுருள் ஈயத்தைக் கருவிக்குள்ளேயே பொருத்தி அனுப்பியது. விற்ற பொருளை வாங்கியவர் பல ஆண்டுகள் கழித்துத் திறந்து சரிசெய்வார் என்று எதிர்பார்த்து, அவருக்குத் தேவையானதை உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பழைய கருவிகளின் மேல் எனக்கிருக்கும் மரியாதைக்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சிறியதாக, எளியதாக ஒரு வால்வுக் கருவி வேண்டுமென்றால் எச்பியின் 200 வரிசை ஆடியோ ஆஸிலேட்டர் (ஒலி அலைவெண்களில் மின்னலையை உண்டாக்கும் கருவி) ஒன்றைத் தேடுங்கள். பில் ஹியூலெட்டும் டேவிட் பேக்கார்டும் 1939இல் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருள் 200ஏ. அதன் அடுத்த வடிவமான 200பியை வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டு வாங்கியது புகழ்பெற்ற செய்தி. அதன் உள்ளே இருக்கும் யோசனை இன்றும் வியப்பூட்டுவது. அதில் இருக்கும் வீன் பிரிட்ஜ் என்ற வகை ஆஸிலேட்டர் சுற்றில் பெருக்கம் கொஞ்சம் கூடினால் அலை சிதைகிறது, குறைந்தால் நின்றுவிடுகிறது. ஹியூலெட் அங்கே ஒரு சிறு இழை விளக்கை வைத்தார். அலை பெரிதானால் இழை சூடாகும், அதன் மின்தடை கூடும், பெருக்கம் குறையும், அலை தானாக அடங்கும். இழையின் சூடு மெதுவாக மாறுவதால் அலையின் வடிவம் கெடாது. அந்த விளக்கு பெரும்பாலும் ஒளிரும் அளவுக்குச் சூடாவதில்லை, அதனால் கெடுவதும் அரிது.

மல்ட்டிமீட்டரில் என் விருப்பம் பிரிட்டனின் அவோ 8. 1951இல் வந்து 2008 வரை தயாரிப்பில் இருந்த மீட்டர் அது. நேர்மின்னோட்ட அளவில் வோல்ட்டுக்கு 20,000 ஓம். நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலும் பள்ளி ஆய்வகங்களிலும் அது பரவலாக இருந்ததால் இன்றும் கிடைக்கிறது. வாங்கியதும் மின்கல அறையைத் திறந்து பாருங்கள். உள்ளே விடப்பட்ட மின்கலம் கசிந்து முனைகளை அரித்திருக்கும். உயர் ஓம் அளவுக்கு 15 வோல்ட் மின்கலம் தேவை. அது இப்போது அரிது, ஆனால் சிறு மின்கலங்களை அடுக்கி அதே இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

சேர்த்தவற்றைக் காப்பதில் நமக்குக் குளிர்நாட்டாருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கோவையில் ஓரளவு பரவாயில்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சுவிட்சுகளையும் திருகுகளையும் விடாது. பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடி வைப்பவர்கள் ஈரத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். பருத்தித் துணி போதும். சிலிக்கா ஜெல்லை உள்ளே போடாமல், அலமாரியில் வையுங்கள், நிறம் மாறினால் சூடாக்கிப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் விட நல்ல மருந்து, மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுவது. உள்ளிருக்கும் சூடே ஈரத்தை விரட்டும், கெப்பாசிட்டர்களும் தேறும், சுவிட்சுகளைச் சில முறை திருப்பினால் முனைகளும் உரசிச் சுத்தமாகும். மழைக்காலத்தில் நெடுநாள் மூடிவைத்த கருவியை உடனே ஆன் செய்யாமல், ஒரு மேசை விளக்கின் கதகதப்பில் வைத்திருந்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

இனி அளவின் உண்மை. 465இன் செங்குத்துத் துல்லியம் 3 சதவீதம். எனவே அதைச் சோதிக்க விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. நல்ல டிஜிட்டல் மல்ட்டிமீட்டரும், கிரிஸ்டல் ஆஸிலேட்டர் ஒன்றும் போதும். கருவியை இருபது நிமிடம் சூடாகவிட்டு, தெரிந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து எல்லா அட்டெனுவேட்டர் நிலைகளிலும் படித்து எழுதுங்கள். தெரிந்த அலைவெண்ணைக் கொடுத்து எல்லா ஸ்வீப் வேகங்களிலும் படித்து எழுதுங்கள். முழுப் பட்டியலும் கைக்கு வரும்வரை உள்ளிருக்கும் எந்தத் திருத்தக் குமிழையும் திருகாதீர்கள். ஒன்றைத் திருகினால் மற்றொன்று நகரும். கையேட்டில் அதற்கொரு வரிசை சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு நிலையில் மட்டும் பிழை இருந்தால் அது திருத்தத்தின் குறை அல்ல, அந்த நிலையிலுள்ள ஒரு மின்தடையின் பழுது. குமிழைத் திருகி அதை மறைத்துவிட்டால் மற்ற நிலைகள் அனைத்தும் பொய்யாகிவிடும்.

அலைவரிசை அகலத்தை (கருவி நம்பகமாகக் காட்டும் அலைவெண் எல்லை) சோதிக்க ஏறுநேரத்தை (துடிப்பு தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏற எடுக்கும் நேரம்) அளக்கலாம். 0.35ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மைக்ரோநொடியில் விடை. 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 நானோநொடி. அதைவிடப் பலமடங்கு விரைவான துடிப்பு ஒன்று வேண்டும். லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் வில்லியம்ஸ், ஒற்றை டிரான்சிஸ்டரை, மின்னோட்டம் சட்டென்று பெருக்கெடுக்கும் அவலாஞ்ச் நிலையில் இயக்கி அப்படிப்பட்ட துடிப்பை உண்டாக்கும் எளிய சுற்றை எழுதி வைத்திருக்கிறார். பழைய டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்புகளை வாழ்நாளெல்லாம் சேர்த்து, சரிசெய்து, அவற்றையே வேலைக்கும் பயன்படுத்தியவர் அவர். 2011இல் அவர் மறைந்தபின், பாகங்கள் குவிந்திருந்த அவரது வேலை மேசையைக் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

இந்த ஈடுபாடு முற்றினால் ஆறு, ஏழு இலக்க மீட்டர்கள் மேல் ஆசை வரும். அப்போது வோல்ட்டின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1990 ஜனவரி 1 அன்று, அலைவெண்ணிலிருந்து மின்னழுத்தத்தைத் துல்லியமாகப் பெற உதவும் ஜோசப்சன் விளைவை வைத்து வோல்ட்டை நிலைநாட்ட ஒரே பொது மதிப்பை உலக நாடுகள் ஏற்றபோது, அமெரிக்காவின் வோல்ட் பத்து லட்சத்தில் சுமார் 9.26 பங்கு மாறியது. அதற்கு முன் அளவிட்டு முத்திரையிட்ட அமெரிக்க நியமக் கருவியின் தாளில் உள்ள எண்ணை இன்று அப்படியே ஏற்க முடியாது. அந்த அளவுக்குப் போகும்போது, ஒரே ஒரு மீட்டரையாவது என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்தில் கொடுத்து வாங்கி, மற்றவற்றை அதோடு ஒப்பிடுங்கள்.

இப்படிப்பட்ட கருவிகளை எங்கே தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்பி ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு ஆகிய இடங்களிலுள்ள பழைய பொருள் வியாபாரிகள், கல்லூரிகளும் ஆலைகளும் விடும் ஏலங்கள், ஹாம் ரேடியோ நண்பர்கள். இவற்றில் ஏலத்துக்குத்தான் விரைந்து போக வேண்டும். அங்கே நம்மோடு போட்டியிடுபவர்கள் பொன்முலாம் பூசிய போர்டுகளை உருக்கித் தங்கம் எடுப்பவர்கள். அவர்கள் கைக்குப் போன கருவி மறுநாளே துண்டு துண்டாகிவிடும். படக்குழாயை உடைத்து எறிவார்கள். எத்தனையோ நல்ல கருவிகள் சில கிராம் பொன்னுக்காக அப்படிப் போய்க்கொண்டிருக்கின்றன. இதைத் தடுக்க நம்மால் முடிவது, கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பதுதான். "கழித்துக் கட்டும்போது சொல்லுங்கள், முறைப்படி ஏலத்திலேயே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் பலர் மகிழ்ச்சியோடு தகவல் தருவார்கள்.

உங்கள் 465க்கு எட்டாயிரம் என்பது, ஓடுகிறதா என்று தெரியாத நிலையில் அதிகம். திரையில் எரிந்த தடம் இல்லை, குமிழ்கள் முழுதாக இருக்கின்றன, திருகுகள் சிதையவில்லை என்றால் அதில் பாதி சொல்லிப் பாருங்கள். அதே கடையில் புரோபு, முன்பக்க மூடி ஏதாவது கிடந்தால் சேர்த்துக் கேளுங்கள். பழைய புரோபு சரியில்லையென்றால் 100 மெகாஹெர்ட்ஸ் புதியது ஒன்றை வாங்கி, கருவியின் 1 கிலோஹெர்ட்ஸ் கேலிபிரேட்டர் முனையில் வைத்து ஈடுசெய்துகொள்ளலாம். வாங்கி வந்தால் சீரியல் எண்ணையும், ஓம் அளவில் ஒவ்வொரு சப்ளையும் காட்டிய எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஆன் செய்வதற்கு முன் இருவருமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.